கட்ஸ்: குடலுக்கும் துணிச்சலுக்கும் என்ன உறவு?

“அவனுக்கு கட்ஸ் இருக்குடா!” மேலதிகாரியின் முகத்துக்கு நேரே உண்மையைப் போட்டு உடைத்துவிட்டு வந்தவரைப் பற்றியும், வேகப்பந்துக்கு இறங்கி வந்து அடித்தவரைப் பற்றியும் நாம் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஆங்கிலம் அதிகம் படிக்காதவர்கள் வாயிலும் தாராளமாகப் புழங்கும் சொல் அது. அதிலிருந்து பிறந்த அடைமொழிதான் ‘கட்ஸி’. அஞ்சாமல் இறங்குகிற, துணிந்து நிற்கிற என்று பொருள். பாராட்டுப் பத்திரத்தில் எழுதுகிற சொல்லல்ல, தோளில் தட்டிச் சொல்கிற சொல்.

ஆனால் அகராதியைத் திறந்தால் வேறொன்று கண்ணில் படும். ‘கட்’ என்றால் குடல். ‘கட்ஸ்’ என்றால் குடல்கள். ‘கட்ஸி’ என்றால் நேர்ப்பொருளில் குடல் உள்ளவர், அவ்வளவுதான். சாப்பிட்டதை அரைத்து, உறிஞ்சி, மிச்சத்தை வெளியே தள்ளும் உறுப்புக்கும் மனிதனின் ஆக உயர்ந்த குணங்களில் ஒன்றுக்கும் எப்படி முடிச்சு விழுந்தது? மொழியின் விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்கப் போனால் கறிக்கடையில் தொடங்கி, எக்ஸ் கதிர் அறையைக் கடந்து, மூளையை ஸ்கேன் செய்யும் கருவிக்குள் படுத்திருக்கும் ஒருவரிடம் போய் நிற்கிறோம்.

கறிக்கடையில் பிறந்த வீரம்

கட்ஸிக்கு ஓர் அண்ணன் உண்டு. ‘பிளக்கி’ என்று பெயர். எளியவர் ஒருவர் வலியவர் முன் கலங்காமல் நின்றால் அவரை பிளக்கி என்பார்கள். ‘பிளக்’ என்ற வினைச்சொல்லுக்குப் பறிப்பது, பிடுங்குவது என்று பொருள். பூவைப் பறிப்பதற்கும் கோழியின் இறகைப் பிடுங்குவதற்கும் அதே சொல்தான். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கசாப்புக்காரர்கள் அதைப் பெயர்ச்சொல்லாகவும் பயன்படுத்தினார்கள். அறுத்த ஆட்டின் நெஞ்சுக்கூட்டுக்குள் கையை விட்டு ஒரே இழுப்பில் வெளியே எடுக்கும் தொகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் பிளக். இதயம், ஈரல், நுரையீரல் மூன்றும் மூச்சுக்குழாயோடு சேர்ந்து ஒரே கொத்தாக வரும். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ‘ஹாகிஸ்’ உணவு இந்த ஆட்டு பிளக்கைக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு சேர்த்து இரைப்பைக்குள் திணித்து வேகவைப்பதுதான்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கொத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கறிக்கடைக் கொக்கியில் அது தொங்குவதைப் பார்த்திருக்கிறோம். அதற்கு நம்மிடம் பெயரும் இருக்கிறது: ஈரக்குலை. “ஈரக்குலையே நடுங்கிப்போச்சு” என்று பாட்டிமார் சொல்லும்போது அவர்கள் கை தானாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே போகும். அவர்கள் அச்சத்தை வைத்த அதே கொத்தில்தான் ஆங்கிலேயர்கள் வீரத்தை வைத்தார்கள்.

எப்போது வைத்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785இல் லண்டன் தெருப்பேச்சைத் திரட்டி ஓர் அகராதி வெளியிட்டார். திருடர்களும் படைவீரர்களும் குத்துச்சண்டைக்காரர்களும் பேசிய கொச்சைச் சொற்களின் களஞ்சியம் அது. அதில் பிளக் என்ற சொல்லுக்குத் துணிவு என்று பொருள் தரப்பட்டிருக்கிறது. அந்நாளைய குத்துச்சண்டையில் கையுறை கிடையாது. முகம் கிழிந்து ரத்தம் வழிந்த பிறகும் எழுந்து நிற்பவனிடம் ஏதோ இருக்கிறது. அது தோலிலும் சதையிலும் இல்லை, உள்ளே எங்கோ இருக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1827இல் தம் நாட்குறிப்பில் இந்தச் சொல்லை எழுதும்போது, இது போக்கிரிகள் வழக்கு என்று முகம் சுளித்தே எழுதினார். ஆனால் சில பத்தாண்டுகளில் அது கண்ணியமான வீடுகளின் வரவேற்பறைகளுக்குள் நுழைந்துவிட்டது. இன்று பிளக்கி என்றால் குழந்தைகள் கதையின் நாயகி நினைவுக்கு வருகிறாளே ஒழிய, யாருக்கும் கசாப்புக்கடை நினைவுக்கு வருவதில்லை.

தம்பி கட்ஸ் பிறகு வந்தான். குடலைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ‘ஊற்று’ என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது என்கிறார்கள் மொழியியலாளர்கள். ஊற்றினால் ஓடுகிற கால்வாய், வாய்க்கால் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கட்ஸி’ என்று சொன்னபோது பெருந்தீனிக்காரன் என்றே பொருள்கொண்டார்கள். அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் கட்ஸ் என்பதற்கு மனவலு, துணிவு என்ற பொருள் ஊன்றியது. 1929இல் எழுத்தாளர் டோரதி பார்க்கர், எர்னெஸ்ட் ஹெமிங்வேயைப் பற்றி ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதிய கட்டுரையில், கட்ஸ் என்பதற்கு நீங்கள் கொள்ளும் பொருள் என்ன என்று கேட்டதற்கு ஹெமிங்வே தந்த விடை பதிவாகியிருக்கிறது. நெருக்கடி அழுத்தும்போதும் நயம் குலையாதிருப்பதே என்றார் அவர். அந்த விடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் இருக்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை.

உலகமே உடலுக்குள் தேடியது

ஆங்கிலேயர் மட்டும் இப்படிச் சிந்தித்தார்கள் என்று எண்ண வேண்டாம். துணிவைக் குறிக்கும் முறையான ஆங்கிலச் சொல்லான ‘கரேஜ்’ கூட, இதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே. நாம் பேச்சில் சொல்லும் ‘தில்’ பாரசீகத்தில் இதயம். சீனர்களுக்குத் துணிச்சலின் இருப்பிடம் பித்தப்பை. அஞ்சாதவருக்குப் பெரிய பித்தப்பை, கோழைக்குச் சின்னப் பித்தப்பை. ஜப்பானியர் ஈரலைச் சொல்வார்கள். கோடை இரவுகளில் ஜப்பானியச் சிறுவர்கள் இடுகாட்டு வழியே தனியாக நடந்து போய்வரும் விளையாட்டுக்கு ‘கிமோதமேஷி’ என்று பெயர். ஈரல் சோதனை என்பது அதன் பொருள்.

ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்திலும் ஈரலுக்கு மரியாதை உண்டு. உணவு ஈரலில்தான் ரத்தமாக மாறுகிறது என்று 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் சொன்னதை ஐரோப்பா நெடுங்காலம் நம்பியது. அப்படியானால் கோழையின் ஈரல் ரத்தமற்று வெளுத்திருக்க வேண்டும் அல்லவா? மேக்பெத் நாடகத்தில் பயந்து நடுங்கும் பணியாளனுக்கு லில்லிப்பூ நிற ஈரல் என்ற வசை விழுவது இதனால்தான். பண்டைய கிரேக்கர்கள் இதயம், ஈரல், நுரையீரல் அடங்கிய உள்ளுறுப்புத் தொகுதிக்கு வைத்திருந்த பெயரிலிருந்து இரக்கப்படுதல் என்ற வினைச்சொல்லே பிறந்தது. அதே எண்ணத்தை ஒட்டி, 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் குடல் என்ற சொல் கருணையைக் குறிக்கிறது.

இவர்களில் பலர் ஒருவரைக் கேட்டு ஒருவர் எழுதிவைத்தவர்கள் அல்லர். ஆளுக்கோர் உறுப்பைக் காட்டினாலும் எல்லாரும் கழுத்துக்குக் கீழேதான் கையை வைத்தார்கள். தலையைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. காரணம் எளியது. மூளை தான் வேலை செய்வதை நமக்கு உணர்த்துவதில்லை. அச்சம் வரும்போது படபடப்பது நெஞ்சு, அடைப்பது மூச்சு, பிசைவது வயிறு. உணர்ச்சி எங்கே தெரிகிறதோ அங்கேதான் அது பிறக்கிறது என்று மனிதர்கள் கொண்டார்கள். அந்த ஊகத்தில் எவ்வளவு உண்மை என்பதைச் சோதிக்க, உயிருள்ள வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

வயிற்றில் திறந்த சன்னல்

அந்த வாய்ப்பு ஒரு விபத்தால் வந்தது. 1822 ஜூன் 6ஆம் நாள், அமெரிக்காவின் மேக்கினா தீவில், ரோமத்தோல் வணிகம் செய்த ஒரு நிறுவனத்தின் கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மிக அருகில் நின்றிருந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் கனடியத் தொழிலாளியின் விலாவையும் இரைப்பையையும் குண்டு துளைத்தது. பிழைக்க மாட்டார் என்றுதான் ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் நினைத்தார். செயின்ட் மார்ட்டின் பிழைத்தார். ஆனால் துளை மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு தோலோடு ஒட்டி ஆறி, ஒரு நிரந்தரத் திறப்பு உண்டாகிவிட்டது. அதன் வழியே பியூமான்ட் நூலில் கட்டிய உணவுத் துண்டுகளை உள்ளே விட்டும் வெளியே எடுத்தும் செரிமானத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1833இல் அவர் வெளியிட்ட நூலில் செரிமானத்தோடு இன்னொன்றும் பதிவானது. செயின்ட் மார்ட்டின் கோபப்பட்டாலோ அஞ்சினாலோ இரைப்பையின் உட்சுவரும் சுரப்பும் மாறிவிடும். மனத்தில் நடப்பது வயிற்றில் தெரிந்தது.

அடுத்த பெரிய அடி, எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டே விழுந்தது. ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், பிஸ்மத் உப்பு கலந்த உணவைப் பூனைகளுக்கு ஊட்டி எக்ஸ் கதிரில் பார்த்தார். பிஸ்மத் கதிரைத் தடுப்பதால் இரைப்பையின் உருவம் திரையில் நிழலாகத் தெரிந்தது. அலை அலையாக அது சுருங்குவதைக் கேனன் கண்டார். ஆனால் சில வேளைகளில் அலைகள் சட்டென்று நின்றுபோயின. பூனை மிரண்டு திமிறும்போதெல்லாம் அப்படி நடந்தது. தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தினால் இரைப்பை மீண்டும் அசையத் தொடங்கும். செரிமானத்தை ஆராய வந்தவரை இந்த இடையூறு அச்சத்தை ஆராயும்படி திருப்பிவிட்டது. ‘போராடு அல்லது ஓடு’ என்று இன்று உலகமே அறிந்திருக்கும் உடல் எதிர்வினையைப் பற்றிய அவரது நூல் 1915இல் வந்தது. அதற்கு வித்திட்டது மிரண்ட பூனையின் வயிறு.

மூன்றாவது காட்சி 1940களின் நியூயார்க். ‘டாம்’ என்று மட்டும் ஆய்வேடுகள் குறிப்பிடும் ஒருவர் சிறுவயதில் கொதிக்கும் சூப்பை விழுங்கி உணவுக்குழாய் அடைபட்டவர். வயிற்றில் அறுவைச் சிகிச்சையால் அமைத்த திறப்பு வழியாகவே உணவு உட்கொண்டு வாழ்ந்தார். ஸ்டூவர்ட் உல்ஃப், ஹெரால்டு உல்ஃப் என்ற இரு மருத்துவர்கள் அவரை ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு அமர்த்தி, அவர் இரைப்பைச் சுவரின் நிறத்தை நாள்தோறும் குறித்துவந்தார்கள். ஒருநாள் அவ்வாறு பார்த்துக்கொண்டிருக்கும்போது அங்கே பணிபுரிந்த ஒரு மருத்துவர் வேகமாக உள்ளே வந்து, இழுப்பறைகளைத் திறந்து சில தாள்களைத் தேடினார். அந்தத் தாள்களை இடம் மாற்றி வைத்தது டாம். வேலை போய்விடுமோ என்று அவர் அசையாமல் கிடந்தார். முகம் வெளுத்தது. அதே நேரத்தில் இரைப்பைச் சுவரும் வெளுத்துக்கொண்டே போனது. தேடியது கிடைத்து அந்த மருத்துவர் அறையைவிட்டுப் போன பிறகுதான் பழைய சிவப்பு திரும்பியது. வேறொரு நாள் டாம் சினம்கொண்டபோது இரைப்பை சிவந்து, அமிலம் மிகுதியாகச் சுரந்தது. அச்சத்துக்கு ஒரு நிறம், சினத்துக்கு ஒரு நிறம் என்று வயிறு காட்டிக்கொடுத்தது.

வயிற்றில் புளியைக் கரைத்தது போலிருந்தது என்கிறோமே, அதன் பின்னணி இப்போது தெளிவாகத் தெரியும். ஆபத்தை மூளை உணர்ந்ததும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. அட்ரீனல் சுரப்பி அட்ரீனலினை ரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ கை கால் தசைகளுக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். அதனால் செரிமான உறுப்புகளுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இரைப்பை வேலையை நிறுத்துகிறது. பெருங்குடலோ நேர்மாறாக முடுக்கிவிடப்படுகிறது. மேலே எல்லாம் நின்றுபோக, கீழே எல்லாம் அவசரப்பட, அந்த இரண்டும் சேர்ந்ததே தேர்வு அறை வாசலில் நாம் அறியும் கலக்கம்.

குடலின் சொந்த நரம்புகள்

இதுவரை பார்த்ததெல்லாம் மேலிருந்து கீழே போகும் கட்டளை. மூளை அஞ்சுகிறது, வயிறு கீழ்ப்படிகிறது. கதை அதோடு முடிந்திருந்தால் கட்ஸ் என்ற சொல் விளைவைக் காரணமாக எண்ணிய பழங்காலத் தவறு என்று மூடிவைத்துவிடலாம். ஆனால் குடல் வெறும் பணியாளாக இல்லை.

1850களிலும் 60களிலும் ஜெர்மானிய அறிஞர்கள் கியார்க் மைஸ்னரும் லியோபோல்ட் அவர்பாக்கும் நுண்ணோக்கியில் குடல் சுவரைப் பார்த்தபோது, அதன் அடுக்குகளுக்கு நடுவே வலைபோல் பின்னிய நரம்புச் செல்களைக் கண்டார்கள். உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை இந்த வலை நீள்கிறது. அதிலுள்ள நரம்புச் செல்கள் 10 கோடிக்கும் மேல் என்று இன்று மதிப்பிடுகிறார்கள். 1899இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பேலிஸ், எர்னெஸ்ட் ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் குடலுக்கு வரும் வெளி நரம்புகளையெல்லாம் துண்டித்துவிட்டுப் பார்த்தார்கள். குடலை உள்ளிருந்து அழுத்தினால் அழுத்திய இடத்துக்கு மேற்புறம் சுருங்கியது, கீழ்ப்புறம் தளர்ந்தது. உள்ளிருப்பதை ஒழுங்காக முன்னே தள்ளும் வேலையை மூளையின் உத்தரவின்றியே குடல் செய்து முடித்தது. உடலில் வேறெந்த உள்ளுறுப்பும் இந்த அளவுக்குத் தன்னிச்சையாகத் தீர்மானிப்பதில்லை.

அந்த நரம்புகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சில பச்சிளங்குழந்தைகளிடம் காணலாம். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் இந்த நரம்புச் செல்கள் உருவாகியிருக்காது. தசை இருக்கிறது, ரத்த ஓட்டம் இருக்கிறது, ஆனாலும் அந்தப் பகுதி இறுகிப்போய் மலத்தை நகரவிடாது. அறுவைச் சிகிச்சையால் அந்தத் துண்டை நீக்கினால்தான் குழந்தை தேறும்.

பிரிட்டிஷ் உடலியலாளர் ஜான் லாங்லி 1921இல் இந்த வலையைத் தனியொரு நரம்பு மண்டலமாகவே வகைப்படுத்தினார். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் கெர்ஷான் 1998இல் எழுதிய நூலுக்குப் பிறகு ‘இரண்டாம் மூளை’ என்ற பெயர் பரவியது. மனநிலையோடு தொடர்புடையதாக நாம் கேள்விப்படும் செரோடோனினில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குடலில்தான் இருக்கிறது. அது அப்படியே மூளைக்குள் போய்விடுவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பை அதனால் தாண்ட முடியாது. குடலின் அசைவையும் உணர்வையும் நடத்துவதே அதன் முதன்மை வேலை.

குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் முதன்மைப் பாதை வேகஸ் நரம்பு. மூளைத்தண்டில் தொடங்கிக் கழுத்து வழியே இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று கிளைவிட்டுச் செல்கிறது. இந்த நரம்பைப் பற்றிய மிக வியப்பான செய்தி அதன் போக்குவரத்தில் இருக்கிறது. அதன் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. மூளை வயிற்றுக்குச் சொல்வதைவிட, வயிறு மூளைக்குச் சொல்வதே அதிகம்.

கீழிருந்து வரும் சேதி துணிவை மாற்றுமா?

மாற்றும் என்பதற்கு எலிகளிடம் நல்ல சான்றுகள் கிடைத்திருக்கின்றன. 2014இல் சூரிச்சில் உர்ஸ் மேயரின் குழு எலிகளின் வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் இழைகளை மட்டும் துண்டித்தது. மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் இழைகள் அப்படியே இருந்தன. அந்த எலிகள் வெட்டவெளிக்கும் வெளிச்சத்துக்கும் பிற எலிகளைப் போல அஞ்சவில்லை. வயிறு சொல்வது கேட்காததால் பிறவியிலேயே உள்ள அச்சம் குறைந்தது. துணிச்சல் கூடிவிட்டது என்று இதைப் பாராட்டும் முன் இன்னொரு முடிவையும் பார்க்க வேண்டும். ஓர் ஒலியோடு அதிர்ச்சியைச் சேர்த்துப் பழக்கிவிட்டு, பிறகு அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் எழுப்பினால் நல்ல எலிகள் விரைவில் தெளிந்துவிடுகின்றன. நரம்பு துண்டித்த எலிகளுக்கு அந்தப் பழைய பயத்தை விடுவதற்கு நெடுநேரம் பிடித்தது. ஆபத்து நீங்கிவிட்டது என்று கற்றுக்கொள்ளவும் வயிற்றின் குரல் தேவைப்படுகிறது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரெமிஸ்ல் பெர்சிக் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. ஆய்வக எலிகளில் ஓர் இனம் இயல்பிலேயே கூச்ச சுபாவம் உடையது. மற்றோர் இனம் துறுதுறுவென்று புது இடங்களைத் துழாவுவது. நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட கூச்ச எலிகளுக்குத் துணிந்த இனத்தின் குடல் நுண்ணுயிர்களைப் புகட்டினார்கள். அவை முன்னைவிடத் துணிந்து துழாவத் தொடங்கின. துணிந்த இனத்துக்குக் கூச்ச எலிகளின் நுண்ணுயிர்களைக் கொடுத்தபோது அவற்றின் ஆர்வம் அடங்கியது. எலியின் துணிவில் ஒரு பங்கு, குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களைப் பொறுத்திருந்தது.

இதை வைத்து வீரத்துக்கு மாத்திரை விற்கக் கிளம்புவோர் உண்டு. அவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. அதே 2011இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் ஒருவகை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா எலிகளின் பதற்றத்தைத் தணிப்பதைக் காட்டினார்கள். வேகஸ் நரம்பை அறுத்தால் அந்தப் பலன் மறைந்தது. ஆனால் நலமான ஆண்களுக்கு அதே பாக்டீரியாவைக் கொடுத்துச் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவில், மன அழுத்தத்திலோ அறிவுத்திறனிலோ எந்த மாற்றமும் தெரியவில்லை. மனிதர் எலியல்லர். நம்முடைய அச்சத்தில் நினைவும் கற்பனையும் மானமும் கலந்திருக்கின்றன.

அஞ்சவே தெரியாத பெண்

மனிதரிடம் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மருத்துவ உலகில் புகழ்பெற்ற ஒரு சான்று, எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் அமெரிக்கப் பெண். அரிய பரம்பரை நோயால் அவர் மூளையின் இருபுறமும் அமிக்டலா என்ற பகுதி அழிந்துவிட்டது. பாம்பையும் சிலந்தியையும் காட்டினார்கள், பேய்வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள், திகில் படங்களைப் போட்டார்கள். அவர் அஞ்சவில்லை. அமிக்டலாதான் அச்சத்தின் இருப்பிடம் என்பதற்கு அவரே ஆதாரமாகக் காட்டப்பட்டார்.

2013இல் அயோவா ஆய்வாளர்கள் ஒரு மாற்றுச் சோதனை செய்தார்கள். 35 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு முறை முகமூடி வழியே உள்ளிழுக்கச் செய்தார்கள். அது ஆபத்தில்லாதது, ஆனால் உடலுக்கு மூச்சு முட்டும் உணர்வு வந்துவிடும். எஸ்.எம். கையை வீசித் துடித்தார், முகமூடியைப் பிடுங்கினார், உதவி கேட்டார். வயது வந்த பிறகு அவர் அறிந்திராத பீதி அது. வெளியே தெரியும் பாம்பு அவரை அசைக்கவில்லை; உள்ளிருந்து எழுந்த மூச்சுத்திணறல் அசைத்துவிட்டது. உடலின் உட்புறத்திலிருந்து மூளைக்கு வரும் அச்சத்துக்குத் தனி வழி இருக்கிறது என்று அந்த ஒரு மூச்சு காட்டியது. நெஞ்சிலும் வயிற்றிலும் கைவைத்த நம் முன்னோர்கள் அந்த வழியைத்தான் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாம்பை அருகே அழைத்தவர்கள்

அப்படியானால் துணிச்சல்? அது அச்சமின்மை என்றால், எஸ்.எம். உலகிலேயே பெரிய வீராங்கனை ஆகியிருக்க வேண்டும். ஆனால் அஞ்சத் தெரியாததாலேயே அவர் ஆபத்தான சூழல்களில் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொண்டார். உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் 1978இல் எழுதிய நூலில் இந்த வேறுபாட்டை அழுத்தமாக முன்வைத்தார். அச்சமற்றவர் வேறு, துணிந்தவர் வேறு. நெஞ்சு படபடக்கும்போதும், பயமாக இருக்கிறது என்று உள்ளம் சொல்லும்போதும், கால்கள் முன்னே நடந்தால் அதுதான் துணிவு.

அந்த நொடியில் மூளைக்குள் என்ன நடக்கிறது? இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் கழகத்தில் யாடின் டுடாய் குழுவினர் 2010இல் அதைப் படம்பிடித்தார்கள். பாம்பைக் கண்டால் நடுங்குகிறவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். அவர்கள் தலைக்கு அப்பால் நகரும் பட்டையின் மேல் ஓர் உயிருள்ள சோளப்பாம்பு. அது விஷமற்றது, என்றாலும் பாம்பு பாம்புதான். கையில் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் பாம்பு ஒரு படி அருகே வரும். மற்றொன்றை அழுத்தினால் ஒரு படி விலகும். எவ்வளவு அருகே கொண்டுவர முடியுமோ கொண்டுவாருங்கள் என்பது பணி. ஒப்பீட்டுக்காக, வேறு முறைகளில் பாம்புக்குப் பதில் ஒரு பொம்மைக் கரடி. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு பயமாக இருக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். தோலில் வியர்வை கூடுவதை ஒரு கருவி தனியே அளந்தது.

முடிவு எதிர்பாராதது. வாய் சொன்ன பயமும் உடல் காட்டிய பதற்றமும் எப்போதும் சேர்ந்து போகவில்லை. இரண்டும் ஒருசேர உச்சத்தில் இருந்தபோது மக்கள் பின்வாங்கினார்கள். ஒன்று உயர்ந்து மற்றொன்று தாழ்ந்திருந்தபோது அவர்களால் பாம்பை அருகே அழைக்க முடிந்தது. அவ்வாறு பயத்தை மீறி முன்னேறிய நொடிகளில், முன்மூளையின் உட்பக்கத்தில் சிங்குலேட் புறணி என்ற பகுதியின் கீழ்முனை உயிர்ப்போடு இயங்கியது. பயம் கூடக் கூட அதன் வேலையும் கூடியது. பின்வாங்கியபோது அந்த இயக்கம் தளர்ந்தது. உடலின் கொந்தளிப்பைத் தணித்துக் காலை முன்னே வைக்கத் துணைசெய்யும் பகுதி அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பயத்தில் பங்கெடுக்காமல் துணிச்சல் தனியே நிற்பதில்லை. பயத்தின் அளவுக்கு ஏற்ப அதுவும் உழைக்கிறது.

போர்க்களமும் இதையே சொன்னது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய 300 அமெரிக்கத் தொண்டர்களிடம் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் டோலார்ட் பேசி, 1943இல் அதை வெளியிட்டார். முதன்முறை களமிறங்கியபோது அஞ்சியதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். நெஞ்சு அடித்துக்கொண்டதையும் வயிறு கலங்கியதையும் மறைக்காமல் விவரித்தார்கள். பயத்தை மூடிவைக்காமல் சண்டைக்கு முன்பே வெளிப்படையாகப் பேசுவது நல்லது என்பதே அவர்களில் மிகப் பலரின் கருத்து. தாமாக முன்வந்து துப்பாக்கி ஏந்தியவர்கள் சொன்ன சொல் இது.

இப்போது அந்த இரண்டு பழைய சொற்களையும் எடைபோடலாம். பிளக், கட்ஸ் என்று பெயர் வைத்தவர்கள் இடத்தைச் சரியாகவே காட்டினார்கள். நெருக்கடியில் உடலுக்குள் நிகழ்வது அங்கேதான் கேட்கிறது. அங்கிருந்துதான் மூளைக்கு ஓயாமல் செய்தி போகிறது. ஆனால் அங்கே இருப்பது வீரத்தின் சரக்கறை என்று அவர்கள் எண்ணியது சரியல்ல. அங்கிருந்து எழுவது பெரும்பாலும் அச்சத்தின் சேதி. அந்தச் சேதியைக் கேட்டு, அதன் மெய்யை ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகும் செய்ய வேண்டியதைச் செய்வதற்குத்தான் துணிச்சல் என்று பெயர்.

இது வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். பொதுத்தேர்வு நாளில் “வயிறு கலக்குதும்மா” என்று நிற்கும் பிள்ளையிடம் நாம் சொல்வது என்ன? “இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?” என்கிறோம். அறுவைச் சிகிச்சைக்கு முந்திய இரவில் உறங்காமல் கிடக்கும் அப்பாவிடமும், முறைகேட்டைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூண்டேறப்போகும் பெண்ணிடமும், தைரியமாக இருங்கள் என்று சொல்லி அவர்கள் வயிற்றின் குரலை அடக்கப் பார்க்கிறோம். பயம் இருந்தால் தைரியம் இல்லை என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. தன்னைக் கோழை என்று எண்ணிக்கொள்கிறது. அது அறிவியலுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது. கலக்கம் என்பது உடல் தயாராவதன் அடையாளம். “பயமா இருக்குதானே? இருக்கட்டும், போய் எழுது” என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமான சொல். வயிறு கலங்காதவருக்குத் துணிச்சல் தேவைப்படுவதே இல்லை. கலங்கியபடியே தேர்வு அறைக்குள் போகிற அந்தப் பிள்ளைக்குத்தான் அது தேவை; உள்ளே போய் உட்காரும்போது அது அவளிடம் இருக்கவும் செய்கிறது.